350 வெள்ளி யாருக்கு: சபைக்கா, அம்மாவுக்கா, வங்கிக்கா?

முதல் சம்பளம் வாங்கிய கையோடு கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு தொடங்கிவிடும். தேவனுக்குப் பத்தில் ஒன்று, அதாவது தசமபாகம். 3,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சம்பளம் என்றால் 350 வெள்ளி. வகுத்தல் எளிது. ஆனால் கோலாலம்பூரில் அறை வாடகை, மோட்டார் தவணை, பெட்ரோல், சாப்பாடு, கைப்பேசி என்று எல்லாம் போன பிறகு கையில் நிற்பதே அந்த 350 வெள்ளிதான். அதைக் கேட்டு நாலு பக்கமும் ஆள் நிற்கிறது: சபை, பெற்றோர், வங்கி, தெருவில் பசியோடு இருப்பவர். வேதத்தைத் திறந்தால் நாலு பேருக்குமே வசனம் இருக்கிறது. அதுதான் தலைவலி.

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ண உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். காணிக்கை உறையின் மேல் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும்: தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, மிஷனரி ஊழியம், கட்டட நிதி. சிலர் ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று பிரித்து எழுதுவார்கள். சிலர் ஒரே கட்டத்தில் பெரிய தொகையாக எழுதி, ஓரத்தில் ‘ஜனவரி, பிப்ரவரி’ என்று பழைய பாக்கியையும் குறிப்பார்கள். ‘அம்மாவின் சர்க்கரை மாத்திரை’ என்று ஒரு கட்டம் அந்த உறையில் இல்லை. ‘கடன் அட்டை’ என்றும் இல்லை. ஆனால் ஆராதனைக்குப் பிறகு கோப்பி குடிக்கும்போது இளைஞர்கள் என்னிடம் கேட்பது அச்சடிக்காத அந்த இரண்டு கட்டங்களைப் பற்றித்தான்.

ஓர் ஆளை வைத்தே பேசுவோம். வயது 27. பங்சார் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை, செந்தூலில் அறை வாடகை. பெற்றோர் பந்திங் பக்கம். தோட்டத்தை விட்டு வெளியே வந்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவின் சேமநிதிப் பணம் கரைந்து போய்ப் பல வருடம் ஆகிறது. நம் ஆள் எப்போதாவது 50, 100 அனுப்புவார். கடன் அட்டையில் 5,000 வெள்ளி பாக்கி. இப்படிப்பட்ட ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தத் தமிழ்ச் சபையின் வாலிபர் கூட்டத்திலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் ஒரு சின்னத் தகராறைத் தீர்த்துவிடலாம். பத்தில் ஒன்று எதில்? மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா? 3,500 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 சதவீதம், அதாவது 385 வெள்ளி, போய்விடும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வேலை காப்புறுதிச் சந்தா சேர்ந்து ஒரு 24 வெள்ளி. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி ஏறக்குறைய இல்லை. கைக்கு வருவது சுமார் 3,090; அதில் பத்தில் ஒன்று 309. வித்தியாசம் 41 வெள்ளி. இந்த 41 வெள்ளிக்காக நடக்கும் வாக்குவாதத்தில் ஒரு வேதபாட வகுப்பே முடிந்து போவதைப் பார்த்திருக்கிறேன். மோசேயின் சட்டம் பேசுவது தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடு மாடு பற்றி. சம்பளச் சீட்டு அங்கே கிடையாது. சேமநிதியை 55 வயதில் எடுக்கும்போது அதிலிருந்து கொடுத்துக்கொள்கிறேன் என்றால் இப்போது 309 போதும். இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்றால் 350. இரண்டும் சரிதான். வகுக்க வசதியாக நான் 350 என்றே வைத்துக்கொள்கிறேன்.

முழுவதும் சபைக்கு

மல்கியா 3:10 தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் அநேகமாக இல்லை. ‘தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்’ என்று தொடங்கி, வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று போகும் வசனம். அதற்கு முந்தின வசனங்கள் இன்னும் காரமானவை: கொடுக்காதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள், சாபத்துக்கு உள்ளானவர்கள். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 350 வெள்ளியில் ஒரு வெள்ளியை வேறு பக்கம் திருப்பினாலும் மனசு உறுத்தும்.

அந்தப் பண்டசாலை எதற்கு இருந்தது என்று பார்த்தால் சபையின் வாதம் உண்மையிலேயே பலமானது. எண்ணாகமம் 18 சொல்வது இதுதான்: ஆலய வேலை செய்யும் கோத்திரமான லேவியருக்கு நிலத்தில் பங்கில்லை, ஆகவே மற்றக் கோத்திரங்களின் பத்தில் ஒன்று அவர்களுக்குச் சேர வேண்டும். அந்த லேவியரும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒன்று கொடுக்க வேண்டும். நெகேமியா 13இல் ஜனங்கள் கொடுப்பதை நிறுத்திவிட, லேவியரும் பாடகரும் ஆலய வேலையை விட்டுவிட்டுத் தங்கள் வயலுக்கு ஓடிப்போகிறார்கள். கடைவீட்டு மாடியில் வாடகைக்கு நடக்கும் சிறிய தமிழ்ச் சபையை நினைத்துப் பாருங்கள். வாடகை, மின்சாரம், ஞாயிறு பள்ளிப் புத்தகம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் பாஸ்டரின் சம்பளம். காணிக்கை குறைந்தால் அவர் பகலில் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தால் பிழைப்பு நடக்க வேண்டும் என்று பவுல் 1 கொரிந்தியர் 9இல் எழுதியது இவர்களுக்குத்தான் பொருந்தும்.

சபைக்குக் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பணம் யாரிடமிருந்து வந்தது என்று உதவி பெறுகிறவருக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம்.

ஆனால் மல்கியாவை மட்டும் படித்துவிட்டு வேதம் முழுவதும் இதைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. உபாகமம் 14ஐத் திறந்து பாருங்கள். அங்கே பத்தில் ஒன்றைக் கொடுக்கிறவரே குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிடுகிறார். ஊர் தூரமாக இருந்தால் அதை விற்றுப் பணமாக்கிக்கொண்டு போய், மாடோ ஆடோ திராட்சரசமோ, ஆசைப்பட்டதை வாங்கிச் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. மூன்றாம் வருடப் பங்கோ ஊரிலேயே வைக்கப்பட்டு லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் போகிறது. தசமபாகத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் இந்தப் பகுதி வந்ததாக நினைவில்லை. மல்கியா 3லேயே ஐந்தாம் வசனம் கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களையும், விதவையை ஒடுக்குகிறவர்களையும் கண்டிக்கிறது. பத்தாம் வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் முதலாளிகள் ஐந்தாம் வசனத்தையும் பக்கத்தில் மாட்டலாம்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் சதவீதமே காணாமல் போகிறது. இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். மத்தேயு 23:23இல் சீரகத்திலும் வெந்தயத்திலும் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைக் கடிந்துகொள்கிறார். அதையும் விட வேண்டாம் என்கிறார். பவுல் கொரிந்து சபையிடம் காணிக்கை கேட்டு இரண்டு அதிகாரம் எழுதுகிறார். ஒரு இடத்திலும் பத்து சதவீதம் இல்லை. ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே’ என்பதுதான் அவருடைய அளவு. அவர் திரட்டியதும் கட்டட நிதிக்கு அல்ல, எருசலேமில் இருந்த ஏழைகளுக்கு. அந்தப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல் வேறு சகோதரரையும் கூட அனுப்புகிறார், யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று. நாங்கள் காணிக்கையை இரண்டு பேராக உட்கார்ந்து எண்ணி இருவரும் கையெழுத்துப் போடுவது இந்த வழியில்தான். சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்த சபை என்றால் ஆண்டுக் கணக்கு கொடுத்தாக வேண்டும். உங்கள் சபையில் கணக்குக் கேட்டால் ‘விசுவாசம் இல்லையா?’ என்று பதில் வருகிறதா? அப்படியென்றால் இந்த முதல் வழியை வேறு சபையில் யோசிக்கலாம்.

அம்மா அப்பாவுக்கு

மற்ற எல்லாவற்றையும் விட இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். காரணம், மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் கணிசமானவர்கள் வீட்டில் முதல் ஆளாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். பையன் சபைக்கு 350 வெள்ளி கொடுக்கிறான் என்று அவருக்குத் தெரிய வருகிறது, எப்படியும் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டம்மா கேட்பார்: “சர்ச்சுக்குக் கொடுக்கிறானாமே, உனக்கு என்னா கொடுக்கிறான்?” அந்த ஒரு கேள்வி போதும். வருடக்கணக்கில் ஜெபித்துப் பேசியதெல்லாம் அங்கேயே முடிந்து போகும்.

மாற்கு 7இல் இயேசு கோபப்படும் இடம் இதுதான். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்கென்று படைத்த காணிக்கை என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அதன்பின் அவன் பெற்றோருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அந்நாள் வேதபாரகர் விட்டுவிட்டார்கள். உங்கள் பாரம்பரியத்தால் தேவ வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார் இயேசு. காணிக்கை என்ற பெயரிலேயே கட்டளையை மீற முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சிலுவையில் தொங்கும் நேரத்திலும் அவர் தம் தாய்க்கு ஒரு வீடு ஏற்பாடு செய்கிறார். யோவான் 19ஐப் பாருங்கள்.

1 தீமோத்தேயு 5 இன்னும் கறாரானது. தன் வீட்டாரை விசாரிக்காதவன் ‘விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்’. அதே அதிகாரத்தில், வீட்டில் விதவைகள் இருக்கிறவர்கள் தாங்களே அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சபையின் மேல் பாரம் வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆக, பெற்றோரைப் பார்ப்பது சபைக்கு விரோதமானதல்ல. சபையின் சுமையைக் குறைப்பது. பெற்றோர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே இல்லை.

அப்படியென்றால் 350ஐயும் பந்திங்குக்கு அனுப்பிவிடலாமா? என் பதில்: பெற்றோருக்குக் கொடுப்பது முதலிலேயே அந்த 350இல் இருக்கக் கூடாது. அது வாடகைக்கு அடுத்த வரியில் எழுத வேண்டிய செலவு. வீட்டுக்காரருக்கு 600 வெள்ளி கொடுப்பதை யாரும் காணிக்கை என்று சொல்வதில்லை. அம்மாவுக்குக் கொடுக்கும் 200 வெள்ளியையும் சொல்ல வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் மருந்துக்குப் பெரிய செலவில்லை. போய் வர கிராப் வண்டி, பத்தியச் சாப்பாடு, கண் பரிசோதனைக்குப் பிறகு தனியாரில் வாங்கும் கண்ணாடி, இவற்றில்தான் பணம் போகிறது. எவ்வளவு ஆகிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். நம் அம்மாக்கள் ‘ஒண்ணும் வேணாம்யா’ என்றுதான் தொடங்குவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ‘நான் அம்மாவுக்குக் கொடுக்கிறேன், அதனால் சபைக்கு இல்லை’ என்று சொல்லும் ஆள், மாதம் 50 வெள்ளி அனுப்பிவிட்டு புதுக் கைப்பேசித் தவணை 250 கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இது தலைகீழாகப் பிடித்த கொர்பான்.

வங்கிக்கு

கடன் விஷயத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தசமபாகத்தை ரொக்கமாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் கை வறண்டதும் மளிகையைக் கடன் அட்டையில் தேய்ப்பார்கள். இப்படிப் பார்த்தால் அந்தக் காணிக்கையைக் கொடுத்தது வங்கிதான். 18 சதவீத வட்டிக்குக் கொடுத்தது.

எண்களைப் பார்ப்போம். மலேசியாவில் கடன் அட்டை வட்டி, நீங்கள் கட்டும் ஒழுங்கைப் பொறுத்து வருடத்துக்கு 15, 17, 18 சதவீதம் என்று மூன்று படி. தவணை தவறுகிறவருக்கு 18. 5,000 வெள்ளி பாக்கிக்கு அது மாதம் 75 வெள்ளி வட்டி. குறைந்தபட்சக் கட்டணம் பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் 250 வெள்ளி. இங்கேதான் கண்ணி இருக்கிறது. பாக்கி குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சமும் குறையும். 240, 230 என்று வங்கி கேட்பதை மட்டும் கட்டிக்கொண்டு போனால், புதிதாக ஒரு வெள்ளி செலவு செய்யாவிட்டாலும் கடன் தீர ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். மாறாக, வங்கி எவ்வளவு கேட்டாலும் சரி, மாதம் 250 என்று பிடிவாதமாகக் கட்டினால் 24 மாதத்தில் முடிந்துவிடும். 350ஐயும் அங்கே போட்டால் 17 மாதம்.

வேதம் கடன் வாங்குவதைப் பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் கடனைத் திருப்பாமல் இருப்பதை மென்மையாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. ‘துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான்’ என்கிறது சங்கீதம் 37. ‘கடன்வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை’ என்கிறது நீதிமொழிகள் 22:7. அதே அதிகாரம் ஜாமீன் கையெழுத்துப் போடாதே, உன் படுக்கையையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொல்கிறது. சபை சகோதரரின் கார் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2 இராஜாக்கள் 4. ஒரு தீர்க்கதரிசியின் மனைவி, கணவன் இறந்துவிட்டான், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். இன்றைய ஆலோங், அதாவது சட்டவிரோத வட்டிக்காரன், வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போவது போலத்தான். எலிசா அவளிடம் கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய். அந்த எண்ணெய் அற்புதமாகப் பெருகி, இரவல் வாங்கிய பாத்திரங்களெல்லாம் நிரம்பிய பிறகு அவர் சொல்வது மூன்றே விஷயம்: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். அற்புதம் செய்தவர் பக்கத்திலேயே நிற்கிறார். அவருக்கென்று ஒரு சொட்டும் கேட்கவில்லை. இதே ஊரில் மண்டபம் எடுத்து, ‘ஆயிரம் வெள்ளி விதையுங்கள், கடன் தீரும்’ என்று கூட்டம் நடத்தும் சிலர் எலிசாவின் பெயரையும் சொல்கிறார்கள். அவர் செய்த வரிசையை மட்டும் சொல்வதில்லை.

ஏழை விதவையின் இரண்டு காசும் இப்படித்தான் பயன்படுத்தப்படுகிறது. மாற்கு 12:41 முதல் படிப்பார்கள். 40ஆம் வசனத்தில் இயேசு, விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைக் கண்டிக்கிறார். இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவளுடைய மனதை இயேசு மெச்சினார், உண்மைதான். அவளிடமிருந்து வாங்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு கொடுக்கவில்லை.

கடன் ஒரு அட்டையைத் தாண்டி மூன்று நாலு இடத்தில் இருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் ஆலோசனை இலவசம். வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றி அமைக்க உதவுவார்கள். பாஸ்டரிடம் ஜெபம் கேளுங்கள். தவணைக்கு ஏகேபிகேவுக்குப் போங்கள்.

நேரடியாக ஏழைக்கு, அல்லது சேமிப்புக்கு

சௌக்கிட், புடு பக்கம் தெருவோரத்தில் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் குழுக்கள் இருக்கின்றன. பிபிஆர் எனும் அரசாங்க மலிவு அடுக்குமாடியில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஜனவரியில் பள்ளிச் சீருடை இருக்காது. உபாகமத்தின் மூன்றாம் வருடப் பங்கு இவர்களுக்கு உரியது. ‘நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே’ என்கிறது நீதிமொழிகள் 3:28. இந்த வழியின் பலவீனம், கண்ணில் படுகிறவருக்கு மட்டும் கிடைக்கும், மனநிலை நன்றாக இருக்கும் மாதத்தில் மட்டும் கிடைக்கும் என்பதுதான். வரிக் கழிவைப் பற்றியும் கேட்பார்கள். அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிவு உண்டு. நம் ஆளுக்குத்தான் வரியே இல்லையே.

சேமிப்புக்கு அதிகம் பேச வேண்டாம். எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்கிறது நீதிமொழிகள். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியவனை மதிகேடன் என்கிறது லூக்கா 12. நம் ஆளுக்கு முதலாளி பங்கும் சேர்த்து மாதம் 840 வெள்ளி சேமநிதியில் ஏறுகிறது. 2024 மே மாதத்திலிருந்து அதில் 10 சதவீதம், அதாவது 84 வெள்ளி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்குக்குப் போகிறது. அதைத் தொடாமல் விட்டாலே அவசரச் செலவுக்கு ஒரு கைப்பிடி சேர்ந்துவிடும். கடன் தீரும் வரை அது போதும்.

நான் எப்படிப் பிரிப்பேன்

நம் ஆளுக்கு என் கணக்கு இது. 250 வெள்ளி கடன் அட்டைக்கு, 24 மாதம், குறையாமல். 100 வெள்ளி சபைக்கு, அதுவும் குறையாமல். முழுத்தொகையும் அட்டைக்குப் போட்டால் ஏழு எட்டு மாதம் முன்னதாக முடியும், வட்டியில் சுமார் 300 வெள்ளி மிச்சம் என்று கணக்குப் பிள்ளைகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் இரண்டு வருடம் ஒன்றுமே கொடுக்காமல் இருந்த கை, கடன் தீர்ந்த மாதம் தானாகத் திறந்து நான் பார்த்ததில்லை. ‘அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே’ ஏற்றுக்கொள்ளப்படும் என்கிறது 2 கொரிந்தியர் 8. கடன்காரருடைய பணம் நமக்கு உள்ளதில் சேராது. அதைக் கழித்த பிறகு மிஞ்சும் 100 வெள்ளி சேரும்.

அம்மா அப்பாவுக்கு 200 வெள்ளி, மேலே சொன்னபடி வாடகைக்கு அடுத்த வரியில். அதற்கு எங்கே வெட்டுவது? வெளிச்சாப்பாடு, படம் பார்க்கும் சந்தா, வாரக் கடைசிச் சுற்றல், இவற்றில் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். வெட்ட இடமே இல்லை என்றால், சபைக்கு ஒதுக்கிய 100 வெள்ளியில் 70 பந்திங்குக்கு, 30 சபைக்கு. காணிக்கை எண்ணும் ஆளாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். தயக்கம் இல்லை. உறையில் 30 என்று எழுதியிருப்பதைப் பார்த்து நாங்கள் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. கூட்டல் சரியாக வருகிறதா என்பதுதான் எங்கள் கவலை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கடன் இல்லை, பெற்றோருக்கு ஓய்வூதியம் வருகிறது, சம்பளம் 6,000 என்றால், மல்கியாவை நேராகப் படித்து 600ஐயும் சபைக்குக் கொடுங்கள். அப்புறம் உபாகமத்தின் மூன்றாம் வருடத்தையும் நினைத்து ஏழைகளுக்கென்று கொஞ்சம் கூட வையுங்கள். மெதடிஸ்டுகளுக்கு அவர்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை நினைவுபடுத்தலாம். அவர் ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அது அவரேதான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் வருடம் வருமானம் 30 பவுன், செலவு 28, கொடுத்தது 2. அடுத்த வருடம் 60 வந்தது. செலவு அதே 28, கொடுத்தது 32. வருமானம் 90 ஆனபோதும் 120 ஆனபோதும் செலவு 28 தான். பத்தில் ஒன்று என்று அவர் நிற்கவில்லை. சம்பளம் ஏறும்போது வீட்டுச் செலவையும் கூடவே ஏற்றிக்கொண்டு, பத்து சதவீதம் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குத்தும். போனஸ் வரும் மாதத்தில் இதைப் படிப்பது நல்லது.

கத்தோலிக்கர்களுக்குப் பத்தில் ஒன்று என்ற விதியே இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 222ஆம் விதி, திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டும், ஏழைகளுக்கும் தங்கள் வருமானத்திலிருந்து உதவ வேண்டும் என்கிறது; தொகை சொல்லவில்லை. சுதந்திரம்தான். ஆனால் தொகை சொல்லாத இடத்தில் பத்து வெள்ளி நோட்டு இருபது வருடம் பத்து வெள்ளி நோட்டாகவே இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. அவர்களும் ஒரு சதவீதத்தைத் தாங்களாகவே வைத்துக்கொண்டால் நல்லது. 3 ஆகட்டும், 5 ஆகட்டும்.

கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் சபைக்குப் போகிறவராக இருந்தால், மற்றவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். இடது கை அறியாதிருக்கட்டும் என்பது ஊருக்கு முன்னால் தம்பட்டம் அடிக்காதே என்பதற்குச் சொன்னது. ஒரே வங்கிக் கணக்கில் ஒளித்து வைப்பதற்கு அல்ல.

24 மாதம் முடிந்த பிறகு விடுபடும் 250 வெள்ளிக்கும் இப்போதே பெயர் எழுதி வைத்துவிடுங்கள். 200 சபைக்கு, 50 அடுத்த வீட்டுப் பிள்ளையின் சீருடைக்கு என்று நான் எழுதுவேன். பெயர் இல்லாத பணம் இந்த ஊரில் ஒரு மாதம் தங்காது. கொரிந்து சபைக்குப் பவுல் சொன்னது, வாரத்தின் முதல் நாளிலேயே அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள் என்று. சம்பளம் 25ஆம் தேதி வந்தால், வங்கிக்கும் சபைக்கும் பந்திங்குக்கும் போக வேண்டிய மூன்றையும் 26ஆம் தேதிக்கே வங்கிச் செயலியில் அமைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை கையில் வைத்திருந்தால், சனிக்கிழமை மிட்வேலி பேரங்காடிக்குப் போய் வந்துவிடுவீர்கள்.